முன்பே விழுந்த அறை

முனீர் அகமதுவின் இடது கன்னத்தில் யாரும் அடிக்காமலே அறைத் தடம் விழுந்தது 2011 ஆகஸ்டில். அதற்கான தப்பை அவர் செய்தது 2023 நவம்பரில். நடுவிலிருந்த பன்னிரண்டு வருஷமும் ஐந்து விரலும் சிவப்பாக அப்படியே இருந்தன. வேலூர் மருத்துவர் ஒருவர் ஆறு மாதம் களிம்பு கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆம்பூரில் முனீர் கட்டிங் சூப்பர்வைசராக இருந்த ஷூ ஃபேக்டரியில், "இன்னா பாய், வளையல் போட்ட கையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மனைவி ஜஹீதா சிரிக்கவில்லை. "பண்ணத சொல்லிடுங்க. தெரியாம இருக்கறதுதான் பேஜார்" என்பாள். ஒன்றும் பண்ணவில்லை என்பார். அன்றைக்கு அது உண்மை. இருந்தும் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசினார்.

2017இல் ஹஜ்ஜுக்குக் கிளம்புமுன், வழக்கப்படி தெரிந்தவர்களிடமெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டார். தையல் பிரிவு தேவகிருபை, "பண்ணா மாதிரியே கேக்கறீங்களே பாய்! சரி, மன்னிச்சாச்சு போங்க" என்றாள்.

2023 நவம்பரில் வெளிநாட்டுக்குப் போன பூட்ஸ் வாய் பிளந்து திரும்பி வந்தன. மாட்டுத் தோலில் வயிற்றுப் பக்கம் இழுபடும். பூட்ஸின் முன்பாகத்தை முதுகுப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். அவசரத்தில் வயிற்றுத் தோலுக்குக் கையெழுத்துப் போட்டவர் முனீர். மானேஜரிடம், தையல் சரியில்லை, தேவகிருபையின் வேலை என்றார். நாக்குக் குழறவில்லை. அடியும் வாங்கியாச்சு, மன்னிப்பும் வாங்கியாச்சு, செய்வதுதானே பாக்கி என்று தோன்றியது. தேவகிருபையின் பதினெட்டு வருஷ வேலை ஒரே சாயங்காலத்தில் போனது.

ஃபேக்டரி கேட் அருகே அவரை மறித்துக் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. விரலுக்கு விரல் தடத்தோடு வைத்துப் பார்த்தாள், அளவு பிசகவில்லை.

"என் கைதான்" என்றாள். "இதுக்கு மேல அட்ச்சா உங்களுக்கு நிம்மதியாப்பூடும். அடிக்க மாட்டேன்."

மறுநாள் முனீர் மானேஜரிடம் உள்ளதைச் சொன்னார். தேவகிருபையைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. அவரைக் கட்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வீட்டில் ஜஹீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இதுதானா" என்றாள். பன்னிரண்டு வருஷம் சந்தேகப்பட்டதற்கு அவள் வருத்தப்பட வேண்டுமா, அவர் வருத்தப்பட வேண்டுமா என்று இருவருக்கும் விளங்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.