லுகேரின் மாஸ்டரைத் தேடி உருண்டு வந்தவை

1967-ஆம் வருடம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆன்டன் லுகேரின் என்ற ரஷ்யாக்காரர் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் கால் வைத்ததும், நாற்பத்திரண்டு எலுமிச்சம்பழங்கள் கூடையை விட்டு இறங்கி அவர் காலடிக்கு உருண்டு வந்து நின்றன. தெருவில் சரிவு கிடையாது, காற்றும் அடிக்கவில்லை. பழக்காரி இரண்டு தடவை பொறுக்கிப் போட்டாள். மூன்றாம் தடவை கூடையையே தூக்கி வந்து அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பழமும் வாங்கினார்கள். அந்த வாரத்துக்குள் மந்தைவெளி முதல் சாந்தோம் வரை பம்பரம், கோலிக்குண்டு, ரப்பர் பந்து எல்லாம் அவரைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டன. சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் தயவுசெய்து அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டார். லுகேரினும் பெரிய மனிதராக, போகவில்லை.

அவருக்கு இது புதிதல்ல. வோல்கா நதிக்கரையில் ஒரு மர ஆலையின் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடியவர் அவர். 1951-இல் ஓர் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பந்து அவர் காலில் இருந்தது. இடது பக்கத்தில் கென்னாதி என்ற தோழன், எதிரில் ஒரு ஆள்கூட இல்லாமல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அன்றைக்கு மாஸ்கோவிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார், எடுக்கப்போவது ஒரே ஒருவரைத்தான் என்பது இருவருக்கும் தெரியும். லுகேரின் பந்தைக் கொடுக்கவில்லை. தானே அடித்தார், கோலும் விழுந்தது. ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அவர் மாஸ்கோவுக்குப் போனார், கென்னாதி ஆலைக்குத் திரும்பினான். அந்தக் குளிர்காலத்தில் மரம் ஏற்றிய வண்டியோடு உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனி உடைந்து உள்ளே போனான். செய்தி வந்த மறுநாள் மாஸ்கோ சந்தையில் ஆப்பிள்கள் லுகேரினை நோக்கி உருண்டன. அதன் பிறகு எட்டு வருடம் எந்த மைதானத்தில் நின்றாலும் பந்து தானாக அவரிடம் வந்தது. பத்திரிகைகள் மேதை என்று எழுதின. தனக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஒருவனிடமிருந்து பிடுங்கியதுதான் விடாமல் தன்னைத் துரத்துகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பயிற்சியாளரான பிறகு கதை கந்தலாகிவிட்டது. மைதானத்து ஓரம் உட்கார்ந்தால் ஆட்டத்தின் நடுவில் பந்து கோட்டைத் தாண்டி அவர் மடிக்கு வந்தது. மூன்று சங்கங்கள் மரியாதையாக அனுப்பிவைத்தன. கடைசியில், நட்புறவு ஒப்பந்தம் என்று ஏதோ ஒன்றின் கீழ், கால்பந்து குறைவாக ஆடும் ஊராகப் பார்த்து மெட்ராஸுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் போல்ட் நட் செய்யும் பட்டறை வைத்திருந்த கோதண்டபாணி முதலியார் அவரைப் பிடித்துக்கொண்டார். முதலியாருக்குக் கால்பந்துப் பைத்தியம். அவரிடம் ஓர் அணி இருந்தது, ஆனால் ஜெயித்ததில்லை. லுகேரினுக்கு சாந்தோமில் ஆரோக்கியமேரி என்ற விதவை வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. மீன் வியாபாரம் செய்த அந்த அம்மாளிடம்தான் அவர் தமிழ் கற்றார். ஆறடி இரண்டங்குல வெள்ளைக்காரர் ஒருவர் “இன்னா நைனா, எங்க போய்க்கினு கீற?” என்று கேட்டு முதலில் பஸ் கண்டக்டர்கள்தான் திகைத்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

உருண்டு வருபவை மாடி ஏறுவதில்லை என்பதை மெட்ராஸில்தான் அவர் கண்டுபிடித்தார். நந்தனத்தில் மைதானத்துக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஆட்ட நாட்களில் அதன் மொட்டை மாடியில் இரண்டு தேங்காய்ப்பூத் துண்டுகளோடு நின்றுகொள்வார். சிவப்புத் துண்டைத் தூக்கினால் ஆட்டக்காரன் தொடர வேண்டும். வெள்ளையைத் தூக்கினால் வெளியே வந்துவிட வேண்டும். அணித்தலைவர் உமர் ஃபாரூக் ஒரு கண்ணைப் பந்தின் மேலும் ஒரு கண்ணை மாடியின் மேலும் வைத்து ஆடிப் பழகினார். பயிற்சியில் லுகேரின் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்பவனுக்குப் பந்தைக் கொடு. இந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாதா என்று பையன்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த அணியில் இடது பக்கம் ஓடியவன் முருகையன். அடையாற்றங்கரைக் குடிசைகளில் தாய் சுப்பம்மாவோடு இருந்தான். பட்டறையில் தினக்கூலி. 1973 டிசம்பரில் அணி முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. “கப்ப மட்டும் எடுத்துகினு வாங்கப்பா, பதினோரு பேரையும் பர்மனென்ட் பண்றேன்,” என்றார் முதலியார். முருகையன் அப்போது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். லுகேரினும் அப்படியே கூப்பிட்டார். மாலை போட்டவன் செருப்பும் போடக் கூடாது. பட்டறையில் வெறுங்காலோடு நடந்தவனுடைய இடது காலில், கடைசல் இயந்திரத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஒன்று ஏறிவிட்டது. விரதத்தில் இருப்பவன் வலி என்று வாய் திறப்பதா என்று நினைத்தவன், விபூதியும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. குருசாமியைக் கேட்டு, ஆட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் பூட்ஸ் போட அனுமதி வாங்கிக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு இருபதாவது நிமிடத்தில், முருகையனின் இடது காலுறை சிவந்திருப்பதை லுகேரின் மாடியிலிருந்து பார்த்தார். முதலில் செம்மண் என்று நினைத்தார். அவன் நொண்டுவதைக் கண்டதும் புரிந்துவிட்டது. வெள்ளைத் துண்டை எடுத்தார், தோள் உயரத்துக்குத் தூக்கவும் தூக்கினார். ஆட்டம் சமநிலையில் இருந்தது. இடது பக்கத்தில் எதிரணிக்காரன் களைத்துப்போயிருந்தான். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் போதும், அதை ஓட முருகையனை விட்டால் ஆள் இல்லை. பதினோரு குடும்பங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய் என்பது சொல்லும்போதே தெரிந்தது. அவருக்குக் கோப்பை வேண்டியிருந்தது. வெள்ளையைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்பைத் தூக்கி, “ஓடு சாமி, ஓடு!” என்று கத்தினார். சாமி ஓடினான். கோல் விழுந்தது.

மறுநாள் காலை முருகையன் இருமுடி கட்டிக்கொண்டு, அதே காலோடு மலைக்குப் போனான். வழியனுப்ப வந்தவர்களில் லுகேரினும் இருந்தார். அப்போதாவது தடுத்திருக்கலாம். தடுத்தால், காலைப் பார்த்தது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றார். பத்து நாள் கழித்து அவன் கறுத்த காலோடு திரும்பினான். ஆஸ்பத்திரியில் இடது கால் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பர்மனென்ட் ஆக்க உடல் தகுதிச் சான்று வேண்டும் என்றது சட்டம். பத்துப் பேருக்கு வேலை நிலைத்தது. முருகையன் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, குடிசை வாசலில் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து மாஸ்டருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். லுகேரின் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. ஒரு தடவை பார்க்கப் போனபோது முருகையனின் டயர்கள் எல்லாம் அவரை நோக்கி உருண்டன. தொழிலுக்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்லிக்கொண்டு அதன் பிறகு போகவில்லை. நல்ல காரணம்தான், அவருக்கே பிடித்திருந்தது.

அந்தத் தை மாதத்திலிருந்து பந்தோடு நிற்கவில்லை. முதலில் பித்தளைக் குடங்கள் வந்தன. பிறகு பக்கத்துத் தெருக்களின் ஆட்டுக்கல் குழவிகள் வர ஆரம்பித்தன. விடிந்து பார்த்தால் ஆரோக்கியமேரி வீட்டு வாசலில் பன்னிரண்டு, பதினைந்து என்று கிடக்கும். மயிலாப்பூரிலிருந்து மாமிகள் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு, “எங்காத்துக் குழவி வந்திருக்கா பாருங்கோ, மாவு அரைக்கணும்,” என்று வந்து நின்றார்கள். லுகேரின் ஒவ்வொன்றையும் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. ‘சாமி’ என்று கூப்பிட்ட வாயால்தானே ‘ஓடு’ என்றோம் என்ற நினைப்பு, தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் ஆரோக்கியமேரி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள். “மாஸ்டர், மன்சுல இன்னாவோ வச்சிக்கினு கீறீங்க. கல்லு சொம்மா வராது. ஃபாதர் கையில போய் சொல்லிடுங்க.”

அவர் போனார். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் மண்டியிட்டு ஆற்றையும் கென்னாதியையும் துண்டுகளையும் சொன்னார். பாதிரியார் பொறுமையாகக் கேட்டு, செபமாலை சொல்லச் சொன்னார். மறுநாள் பத்தொன்பது குழவிகள் வந்திருந்தன.

ஆரோக்கியமேரி எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “கரீட்டுதான். ஃபாதருக்கா வெரலு போச்சு? யாருக்குப் போச்சோ அவன் கையில போய் சொல்லு.” அதுவரை மரியாதை கொடுத்துப் பேசிய அம்மாள் அன்றைக்குத்தான் ஒருமைக்கு இறங்கினாள். அவருக்கு அது சரியாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு சாந்தோமிலிருந்து அடையாற்றங்கரைக்கு நடந்தார். பின்னால் ரப்பர் பந்துகள், ஒரு பூசணிக்காய், மூன்று குடங்கள், குழவிகள் வந்தன. பஸ்கள் ஓரமாக நின்று வழிவிட்டன. முருகையன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். சுப்பம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லுகேரின் உட்காரவில்லை. தமிழ் முழுக்க மறந்துவிட்டதுபோல இருந்தது.

“நைனா, உன் காலுல ரத்தத்த நான் பாத்தேன்,” என்றார். “வெள்ளத் துண்டு கையில வச்சிக்கினு இருந்தேன். தூக்கல.”

சுப்பம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது.

முருகையன் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. “தெர்யும் மாஸ்டர். நான் மாடியத்தான் பாத்துக்கினு இருந்தேன். வெள்ளைய எடுத்தீங்க, அப்பால கீழ வச்சீங்க. எனக்கும் கோலு போடணும்னு ஆச இருந்திச்சி. ஓடுனேன்.” டியூபைத் தண்ணீருக்குள்ளேயே திருப்பினான். “ஆனா பரவால்லன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். அத எதிர்பாக்காதீங்க.”

“மாட்டேன்,” என்றார் லுகேரின்.

“ஆறு மாசமா ஏன் வர்ல?”

லுகேரின் நடு வீதியில் நின்று அழுதார். சுப்பம்மா எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல், அவர் எதிரில் தரையில் வைத்தாள். அவர் குனிந்து எடுத்துக் குடித்தார். அப்போதுதான் அவர் காலடியில் கிடந்த ஒரு நீல ரப்பர் பந்து மெதுவாக நகர்ந்து போய் முருகையனின் மூன்று விரல் காலில் இடித்து நின்றது. முருகையன் அதைத் தள்ளிவிட்டான். திரும்ப வந்தது. இன்னொரு தடவை தள்ளினான், பந்தோடு பூசணிக்காயும் சேர்ந்து வந்தது. “இது இன்னாடா பேஜாரு,” என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் ஒட்டும் வேலையைத் தொடர்ந்தான். குடங்களும் குழவிகளும் எங்கும் போகாமல் கிடந்தன. மாலையில் அவற்றைக் கைவண்டியில் ஏற்றி, லுகேரினே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பந்து இப்போது முருகையனைத் தேடிப் போகிறது என்ற விஷயம் மறுவாரம் முதலியார் காதுக்குப் போனது. முருகையனை வரவழைத்து, கட்டையோடு மைதானத்தின் நடுவில் நிறுத்தினார். ஓடத் தேவையே இல்லை. பந்து வந்துகொண்டே இருந்தது. எதிரணிகள் புகார் செய்தன. சங்கத்து அதிகாரிகள் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். பந்து தானாக ஒருவனிடம் போகக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை, கையால் தொடக் கூடாது, அவ்வளவுதான். உடல் தகுதிச் சான்று கொடுக்க மறுத்த அதே டாக்டர், ஒரு மாலை ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 1975 சித்திரையில் முருகையன் பர்மனென்ட் ஆனான். வந்த பந்தை ஒரு நாளும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, ஆள் இல்லாமல் நிற்பவனாகப் பார்த்துக் கொடுத்தான். தானே கோல் அடித்ததே இல்லை.

வோல்காக் கரையில் இன்னும் இருந்த கென்னாதியின் மனைவிக்கு லுகேரின் எட்டுப் பக்கம் எழுதினார். பதில் வர ஏழு மாதம் ஆனது. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவரால் மைதானத்து ஓரத்தில் பெஞ்சு போட்டு உட்கார முடிந்தது. எதுவும் அவரைத் தேடி வரவில்லை. எலுமிச்சம்பழம்கூடக் கூடையிலேயே இருந்தது. முருகையன் அவரோடு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவான், தேவைக்கு மேல் ஒரு சொல் இருக்காது. அவர் கேட்டதும் இல்லை. இப்படியே கிட்டத்தட்ட நான்கு வருடம் போனது.

1978 மாசியில் ஒரு மாலைப் பயிற்சி. முருகையன் காலுக்கு வந்த பந்து ஒரு கணம் நின்றது. உமர் ஃபாரூக் ஒரு பக்கம் கையைத் தூக்கினார். முருகையன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அதைப் பெஞ்சுப் பக்கம் அடித்தான். லுகேரின் பழக்கதோஷத்தில் காலை நீட்டிக் காத்திருந்தார். பந்து அவரைத் தாண்டி வேலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“இன்னா மாஸ்டர், பாத்துக்கினு கீறீங்க?” என்று முருகையன் நடுக்களத்திலிருந்து கத்தினான். “ஓடுங்க!”

ஐம்பத்தாறு வயதில், இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, லுகேரின் ஒரு பந்தைத் துரத்தி ஓடினார். வேட்டி தடுக்கியது. மூச்சு வாங்கியது. வேலியோரம் போய்ப் பிடித்து, கையில் எடுக்காமல், இடது பக்கத்தில் தனியாக நின்றவனைத் தேடி அடித்தார். அடி சுமாராகத்தான் இருந்தது. அவன் இரண்டடி முன்னால் வந்து வாங்கிக்கொண்டான், பயிற்சி தொடர்ந்தது.