கையெழுத்துப் போடாதவள்

பில்லிங் கவுண்டரில் நிற்பவர்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அந்தப் பல்பொருள் அங்காடியில் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒருத்தியும் குடிக்க மாட்டாள். கழிப்பறைக்குப் போக மேசைக்கடியில் உள்ள மணியை அழுத்திவிட்டு, மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஆறு வருடமாக வேலை பார்த்த அண்ணிக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் சிபாரிசில் புதிதாகச் சேர்ந்த நாத்தனாருக்குப் பழகவில்லை.

நாத்தனாருக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பேர். சேர்ந்த நான்காம் மாதம் நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன மருத்துவரிடம், "அத மேனேஜருக்கு ஒரு சீட்டா எழுதிக் குடுங்க டாக்டர், அவரு சொன்னாத்தான் எனக்கு வரும்" என்றாள். கூடப் போயிருந்த அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து நின்றாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் வாயாடி கடைத் தொழிலாளர் சங்கத்துக்குப் போனாள். அதன் செயலாளர் ஒரு காலத்தில் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். கடையில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால் நிர்வாகத்தைப் பேச்சுக்கு அழைக்கலாம் என்றார். அவளும் சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொருத்தரிடமாகப் பேசினாள். மணி அடித்ததும் ஆள் வரணும், எந்த நாள் எந்த ஷிப்ட் என்று இரண்டு வாரம் முன்பே சொல்லணும், காய்ச்சல் என்றால் விடுப்பு தரணும். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. ஐந்து வாரத்தில் பாதியைத் தாண்டிவிட்டாள்.

வீட்டுக்குள் இருந்த அண்ணியின் கையெழுத்தைத்தான் வாங்க முடியவில்லை. அண்ணன் முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு படுக்கையில் இருந்தான். நாம் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்றாள் அண்ணி. வாயாடி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் மேலாளர் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கடைக்குள் யாரோ எல்லாரையும் தூண்டிவிடுவதாகக் கேள்விப்படுவதாகச் சொல்லிவிட்டு, எதையோ எழுதத் தொடங்கினார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே அண்ணி நினைத்தாள்.

"சார், அவ சின்னப் பொண்ணு. வெவரம் தெரியாம பண்றா. நான் சொல்லி நிறுத்திடறேன்."

பேனா நின்றது. "உங்க நாத்தனாரா?" என்றார் அவர்.

பேச்சுவார்த்தை தொடங்கிய வாரமே, ஒரு வருடம் முடிக்காத பதினோரு பேரை நிர்வாகம் வேலையிலிருந்து நிறுத்தியது. தகுதிகாண் காலத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை என்று கடிதத்தில் இருந்தது. வாயாடியின் பெயர் முதலில் இருந்தது. அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் செயலாளர் மூன்று முறை போராடிப் பார்த்தார். அதை மட்டும் விட்டால் மற்றதற்கெல்லாம் சம்மதம் என்றார்கள். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு நேராக இவர்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"எண்பது பேருக்காகப் பதினோரு பேரை விட்டுட்டேம்மா" என்றார்.

"மத்தவங்களுக்காவது கெடச்சுதே சார்" என்றாள் வாயாடி. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரத்திலிருந்து மணி அடித்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் வந்தது. ஷிப்ட் பட்டியல் முன்கூட்டியே சுவரில் ஒட்டப்பட்டது. அண்ணனை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்று, அண்ணிக்கு முதல்முறையாகக் கெஞ்சாமல் விடுப்பு கிடைத்தது.

அந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் வாயாடிக்கு வேலை கிடைக்கவில்லை. தொலைவில் ஒரு நகரத்தில், விடுதியோடு வேலை தரும் கடையொன்றில் சேர முடிவு செய்தாள். அவள் துணிகளை அடுக்கும்போது அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, மேலாளர் அறையில் நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும் அண்ணி. லெட்டரக் குடுக்கும்போது, சின்னப் பொண்ணு, வெவரம் தெரியாம பண்ணிட்டேன்னு அவரு சொன்னாரு. அது உங்க பேச்சு." வாயாடி ஒரு துப்பட்டாவைப் பிரித்து மறுபடி மடித்தாள். "என்னைக் காப்பாத்தணும்னுதான் சொல்லியிருப்பீங்க."

அண்ணி பிறகு சங்கத்தில் சேர்ந்தாள். இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, அந்தப் பதினோரு பேர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். செயலாளர் குறித்துக்கொள்கிறார், நிர்வாகத்துக்கு எழுதுகிறார். பதில் வருவதில்லை. புதிதாக வரும் பெண்கள் சங்கத்தால் நன்மை உண்டா என்று கேட்டால், தனக்கு உண்டு என்கிறாள். பிறகு நாத்தனார் கதையையும், தான் செய்ததையும் ஒளிக்காமல் சொல்கிறாள். கேட்டவர்களில் சிலர் சேர்கிறார்கள். சிலர் யோசித்துச் சொல்வதாகப் போய்விடுகிறார்கள்.

வாயாடி வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து அண்ணனைப் பற்றி விசாரிப்பாள். புதுக் கடை எப்படி என்று கேட்டால், பரவாயில்லை என்பாள். போன மாதம் அண்ணி, மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறோம், இந்த முறை எடுத்துக்கொள்வார்கள் என்றாள்.

"விடுங்க அண்ணி, நான் இங்கயே இருந்துக்கறேன். இங்க யார்கிட்டயும் நான் அதிகமாப் பேசறதில்ல" என்றாள் அவள்.