அந்தப் பக்கமும் ஒருதடவை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மல்லாந்து படுத்திருந்தபோது என் வாயிலிருந்து விழுந்தது. மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆட்கள் வேண்டும். ஆறு வருடமாக நான் நடிக்கிறேன். "எழுதுறதுக்கும் படுத்துக் கிடக்கணும், இதுக்கும் படுத்துக் கிடக்கணும். உங்களுக்குன்னே செஞ்ச வேலை" என்பாள் என் மனைவி.

ஆனால் கதை என்னுடையதல்ல, ஒரு வயிற்று டாக்டருடையது. ஆகவே இனி அவர் பக்கம் நின்றே சொல்கிறேன்.*

2

தொடக்கம் ஒன்று: காலையில் கண்ணாடி முன் நின்ற டாக்டர் தன் முகத்தில் — [வேண்டாம். கண்ணாடி பார்க்க நேரமில்லாதவர்.]

தொடக்கம் இரண்டு: போன் அடித்தது.

இது நடந்தது. கூப்பிட்டவர் தேர்வுத் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களைத் தேடிப் பிடித்து, மதிப்பெண் போடும் தேர்வாளர்களுக்கான பயிற்சியில் கொண்டுவந்து உட்கார வைப்பது அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிகளில் அவருக்கு 'ஆள்பிடி' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். "ஆள்பிடி பேசுறேன்" என்றே ஆரம்பிப்பார். எலும்பு டாக்டரை லிஃப்டுக்குள் மடக்கியவர். வயிற்று டாக்டர் மட்டும் நான்கு வருடமாகப் பிடிகொடுக்கவில்லை. வேலை அதிகம் என்றார், முதுகுவலி என்றார், ஒருமுறை குரலை மாற்றித் தன் உதவியாளர்போலத் தானே பேசி வைத்துவிட்டார்.

ஐந்தாம் வருடம் ஆள்பிடி கெஞ்சவில்லை.

"நீங்க வரலைன்னா தேர்வாளர் நாற்காலி காலியா இருக்காது மேடம். யாராச்சும் உக்காருவாங்க. அது யாருங்கறதுதான் என் கவலை."

டாக்டர் வருகிறேன் என்றுவிட்டார்.

[இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. நான்கு வருடம் நழுவியவர் ஒரு பேச்சுக்கு மசிவாரா? யார் நம்புவார்கள்? காரணம் தெரிந்தபிறகுதான் என்னால் இந்தப் பகுதியை எழுத முடிந்தது.]

3

இருபத்துமூன்று வருடத்துக்கு முன் அவரும் மாணவியாக இதே தேர்வுக்குப் போனவர்தான். அன்று கட்டிலில் இருந்தது நிஜ நோயாளி, ஐம்பது வயதுத் தையற்காரப் பெண். கல்லீரல் வீக்கம். வலப்பக்கத்தை அழுத்திப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கையை எடுத்தார். அப்போது அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்: அந்தப் பக்கமும் ஒருதடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போயேம்மா.

மணிக்குப் பிறகு தொடக்கூடாது. நாற்காலியில் இருந்த தேர்வாளரைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்தார். நல்ல மதிப்பெண்ணில் தேறினார். நான்கே மாதத்தில் அந்த அம்மாள் போய்விட்டார், இடப்பக்கத்தில் யாரும் தேடாத ஒன்றால்.

இதை டாக்டர் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதுதான் கவலை என்று ஆள்பிடி சொன்னதும் அவர் ஏன் வருகிறேன் என்றுவிட்டார் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

4

பயிற்சி ஒரு பழைய வார்டில் நடந்தது. பத்துக் கட்டில், பத்துத் திரை, பத்து ஸ்பெஷலிஸ்டுகள். தேர்வாளர் பேசக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது, மணிக்குப் பின் நடப்பது கணக்கில் வராது என்று மூத்த தேர்வாளர் சொல்லிக்கொடுத்தார். ஆறாம் கட்டிலில் நான், அதன் பக்கத்து நாற்காலியில் வயிற்று டாக்டர். எனக்குக் கொடுத்த தாளில் வலப்பக்க வலி மட்டும்தான் எழுதியிருந்தது.

ஒத்திகைக்கு வந்த மாணவி கெட்டிக்காரி. வலப்பக்கத்தைப் பதமாக அழுத்தினாள். மணி அடித்தது. கையை எடுத்தாள்.

"அந்தப் பக்கமும் ஒருதடவ அமுக்கிப் பாத்துட்டுப் போயேம்மா" என்றேன்.

தாளில் அது இல்லை. சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. [குரலைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அது வேறு யாருடைய குரலும் அல்ல. என் குரல்தான். எனக்கு உதறலே அதில்தான்.]

மாணவி நாற்காலியைப் பார்த்தாள். டாக்டர் ஒரு கணம் குனிந்து தாளைப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் கை என் இடப்பக்கத்தில் பட்டபோது ஐஸாக இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு மூத்த தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், மணி அடிச்சாச்சு."

"எனக்கும் கேட்டுச்சு சார்" என்றார் டாக்டர். என்னிடம், "மூச்ச நல்லா இழுங்க."

விலா எலும்புக்குக் கீழே அவர் விரல்கள் நின்றன. மாணவியின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அவள் முகம் மாறுவதை நான் கீழேயிருந்து பார்த்தேன். எனக்கு அங்கே வலி எதுவும் இல்லை. அதுவரைக்கும் இருந்ததும் இல்லை.

5

என் மண்ணீரல் இரண்டு மடங்கு பெருத்திருந்தது. ரத்தத்தில் கோளாறு. சீக்கிரம் தெரிந்ததால் மாத்திரையிலேயே அடங்கும் என்றார்கள், அடங்கிக்கொண்டு வருகிறது.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் மூன்று நாள் மதியம் என் படுக்கையருகே வந்து உட்கார்ந்தார். அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தது என்று முதல் நாள் அதட்டினார். மறுநாள் கேட்டார். மூன்றாம் நாள் கிட்டத்தட்டக் கெஞ்சினார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கப்புறம்தான் தையற்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

கதைக்குப் பல முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் எனக்குத் தூரத்துச் சொந்தம், எப்போதோ காதில் விழுந்தது — [விசாரித்தேன். இல்லை.] டாக்டர் பயந்துபோய்த் தேர்வாளர் வேலையே வேண்டாமென்று — [சேர்ந்துவிட்டார்.] எல்லாம் தற்செயல். [என் மனைவி நம்புவது இதை. நம்பட்டும்.]

6

இன்று ஆள்பிடி என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை நிஜத் தேர்வு. வயிற்று டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம்.

"அவங்க கட்டில்ல நீங்கதான் படுக்கணுமாம். உங்களப் போட்டுக்கலாமா?"

டாக்டரிடமும் மனைவியிடமும் நான் மறைத்த ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து இரண்டாவது வாக்கியம் ஒன்று என் நாக்கு நுனியில் நிற்கிறது. முழு வாக்கியம். இது என் உடம்பைப் பற்றியதல்ல. 'அம்மா' என்று யாரையோ கூப்பிட்டுத் தொடங்குகிறது. மாணவியாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், ஆள்பிடியாகக்கூட இருக்கலாம். இங்கே எழுதிவிட்டால் படிக்கிறவர்களில் யாருக்குப் போய்ச் சேருமோ என்றுதான் எழுதாமல் விடுகிறேன்.

ஆள்பிடி போனில் காத்திருக்கிறார். நீங்களே சொல்லுங்கள். போட்டுக்கொள்ளச் சொல்லவா?

* ஐந்தாம் பகுதிவரை டாக்டர் படித்துவிட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: தன் கை அன்று ஐஸாக இல்லையாம்.