பலகை நடை

இன்னும் சுடாத பச்சைக் களிமண் பொம்மைகள் அடுக்கிய பலகையைத் தோளில் ஏற்றிவிட்டால் நீலாவதிக்குக் கால் நொண்டாது. நொண்டினால் பிழைப்பு போச்சு. சூளைக்குள் போகாத பிள்ளையார் லேசாகக் குலுங்கினாலே தும்பிக்கை உதிர்ந்துவிடும். அப்புறம் சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன் வாயில் விழுந்து எழ வேண்டும். அதனால் பலகை தூக்கிப் பழகிய பெண்களுக்கென்று ஒரு நடை உண்டு. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாமல் வழுக்கிக்கொண்டு போகிற நடை. விருத்தாசலம் செராமிக் பேட்டையிலேயே அதில் நீலாவதிதான் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்து நாக்குகூட வழிக்க முடியாது என்பது அவளுக்கு இந்த வருஷம்தான் புரிந்தது.

வலது குதிகாலில் ஆணி அறைந்த மாதிரி வலி. காலையில் பாயை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். வேலை விட்டு வந்தாலும் அதே சுவர்தான். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் அவள் கைக்களிமண் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. “செவுத்த இப்பிடியா பாழாக்குவ? நாலு பேரு வந்து போற வூடு” என்று புருஷன் தர்மராஜ் கத்துவான். ஏன் பிடிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பொம்மையின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் தேய்க்கிற இடத்தில் ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த இடத்தை நீலாவதியும் கேட்டாள், தை மாசம்தான் வேலைக்குச் சேர்ந்த வாசுகியும் கேட்டாள். இரண்டு பேருக்கும் கால்வலி. முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்தில்தான், கால்வலி வந்தவர்களின் நடை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்க பிசியோதெரபி காலேஜிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலாளிக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. “நல்லதாப் போச்சு. யாருக்கு நெசமா வலின்னு மெஷினே சொல்லட்டும்” என்றார்.

பேக்கிங் கொட்டகையில் நீளமாக ஒரு கறுப்பு விரிப்பைப் போட்டார்கள். மிதித்தால் பாதத்தின் அழுத்தம் லேப்டாப்பில் கலர் கலராக விழுமாம். காவியா என்கிற மாணவி, “எப்பவும் நடக்கிற மாதிரியே நடங்கக்கா” என்றாள்.

நீலாவதி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சுற்றிலும் முதலாளி, கொளஞ்சிநாதன், கூட வேலை செய்கிற பெண்கள். அந்தக் கொட்டகைக்குள் அவள் கால் அறிந்தது ஒரே ஒரு நடைதான். தோளில் பலகை இல்லை, ஆனால் உடம்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டது. போனாள், திரும்பி வந்தாள். குதிகால் உயிர் போகிற மாதிரி வலித்தது. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“ரெண்டு காலும் சமமா இருக்குதுக்கா” என்றாள் காவியா. “வலி இருந்தா அந்தக் கால ஊனுனதும் எடுத்துடுவாங்க. நீங்க எடுக்கல.”

அடுத்து வாசுகி நடந்தாள். பலகை நடை இன்னும் அவளுக்குப் படியவில்லை. இழுத்து இழுத்து நடந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கும் வலிதான். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு முதலாளி, இடம் இவளுக்குத்தான் என்பதுபோல் தலையாட்டினார்.

நீலாவதி மறுபடி விரிப்பின் ஓரத்துக்கு வந்தாள். “யம்மா, இன்னொரு வாட்டி நடக்கறேன். வூட்ல நடக்கற மாதிரி நடந்து காட்டறேன்.”

யாரும் சரி சொல்லும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. விரிப்பில் ஏறி உடம்பை விட்டுவிட்டாள். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் எம்பினாள். இடுப்பு ஒருபக்கமாகச் சரிந்தது. வலது கை தானாக நீண்டு இல்லாத சுவரைத் தேடியது. புருஷன்கூட ஏறிட்டுப் பார்த்திராத நடை. இத்தனை பேர் முன்னால் புடவை அவிழ்ந்து விழுந்தாற்போல் கூசியது.

கொளஞ்சிநாதன்தான் முதலில் சிரித்தான். “எடம் போச்சுன்னதும் நொண்டறத பாரு. நீ சினிமாவுக்கே போலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாசுகி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவியா மெதுவாக, “மொத வாட்டி நடந்ததத்தான்கா எடுத்துப்போம்” என்றாள். அவளும் நீலாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒனக்கு ஒண்ணுமில்லன்னு மெஷினே சொல்லிடுச்சு. போ, சூளை காத்துக்கிட்டிருக்குது” என்றான் கொளஞ்சிநாதன்.

போனாள். பலகையைத் தூக்கித் தோளில் வைத்ததும் அந்தப் பாழாய்ப்போன நடை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் ஒரு பிள்ளையாருக்கும் தும்பிக்கை உதிரவில்லை. ஒன்றாவது உதிர்ந்து தொலையக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயிண்ட் வாசனை அடித்தது. உள்ளே சுவர் பளபளவென்று பச்சையாக இருந்தது. ஒரு கறை இல்லை. தர்மராஜ் பிரஷைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

“கைய வெச்சுடாத, இன்னும் காயல.”

அடுப்படி எதிரே தெரிந்தது. தூக்கிய கையோடு அவள் வாசற்படியிலேயே நின்றாள்.