முப்பத்தைந்தாவது கிளிக்

அஸாருதீனின் கடையைக் காலை ஏழு மணிக்குள் மூடிவிட நூற்றைம்பது ரூபாய் போதும். அதுவும் என் பணம் இல்லை, அவன் பணம். எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செய்தது அசிங்கம்தான், ஆனால் அது வேலை செய்யும் விதம் அழகானது.

போனில் ஒருவர் ‘லாரி சீட் கவர்’ என்று தேடினால், முடிவுகளுக்கு மேலே இரண்டு மூன்று விளம்பரங்கள் வரும். அந்த இடம் யாருக்கு என்பது, அவர் விரலை எடுத்த அந்தக் கணத்திலேயே ஏலம் போகிறது. ஏலம் கேட்பவர்கள் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள். விளம்பரம் கண்ணில் பட்டால் காசு இல்லை. யாராவது அதைத் தொட்டு உள்ளே போனால்தான் காசு. எங்கள் தொழிலில் ஒரு கிளிக்குக்கு நாலு ரூபாய்க்குச் சற்று மேலே ஆகும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்பு தீர்ந்ததும் விளம்பரம் படுத்துவிடும், மறுநாள்தான் எழுந்திருக்கும். தன் வரம்பு நூற்றைம்பது என்பதை அஸாரே ஒரு வீடியோவில் பெருமையாகச் சொல்லியிருந்தான். வகுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து கிளிக்.

அஸாரும் நானும் நாமக்கல்லில் அருணகிரி முதலாளியின் கடையில் ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். லாரி கேபினுக்கு ரெக்ஸின் வெட்டி சீட் கவர் தைப்பது எங்கள் வேலை. என் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அவன் தையல் நடுவில் எங்காவது மூச்சு வாங்கும். ஆனாலும் கடைக்குள் நுழையும் டிரைவர்கள், “பாய் இல்லையா?” என்றுதான் கேட்பார்கள். நான் எதிரே நிற்பேன். “சாப்பிடப் போயிருக்கான், நான் பார்க்கிறேன்” என்பேன். “பரவால்ல, வரட்டும்” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒரு மாடல் லாரிக்கு இருக்கை அளவு எப்போதும் ஒன்றுதான். அட்டையில் ஒரு முறை அச்சு வெட்டி வைத்துக்கொண்டால், வண்டியைப் பார்க்காமலே கவர் தைத்துப் பார்சலில் அனுப்பிவிடலாம். ஆன்லைனில் இதை விற்க முடியும் என்று கண்டுபிடித்தவன் நான். மதியச் சாப்பாட்டின்போது அதை அஸாரிடம் விளக்கிச் சொன்னவனும் நான்தான். ஆடி மாதம் இருவரும் வேலையை விட்டோம். நான் சங்ககிரியில் என் வீட்டின் பின்கட்டில் ‘துல்லியம் கேபின் கவர்ஸ்’ தொடங்கினேன். அவன் சேலம் அம்மாபேட்டையில் ‘அஸார் அண்ணன் சீட்டு’ தொடங்கினான்.

என் பக்கத்தில் ரெக்ஸினின் கனம், நூலின் தரம், ஃபோமின் அடர்த்தி என்று பதினோரு விஷயங்களை விளக்கி எழுதியிருந்தேன். நாற்பத்து மூன்று பேர் பார்த்திருந்தார்கள். அஸார் ஒரு பழைய சீட்டை உள்ளங்கையால் ஓங்கி அடிக்கிறான். தூசி புகைபோல எழும்புகிறது. புது சீட்டை அடிக்கிறான். ஒன்றும் எழும்பவில்லை. “அண்ணே, இனிமே தும்மல் கிடையாது” என்று சிரிக்கிறான். அவ்வளவுதான் வீடியோ. பார்த்தவர்கள் ஆறாயிரம் பேர். புது ரெக்ஸினில் தூசி எப்படி வரும்? யாரும் கேட்கவில்லை.

“ஏனுங்க, சோத்தப் பாத்துத் தின்னுங்க,” என்றாள் என் மனைவி சத்யபிரியா. “அந்த ஆளு மூஞ்சியவே பாத்துக்கிட்டுத் தின்னா ஒடம்புல ஒட்டுமா?”

“தொழில் விசயமாப் பாக்கறேன்.”

“இது நாலாவது வாட்டி. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கறேன். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இத்தன வாட்டி பாக்கல.”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “ஆயுத பூசை வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஆவலீன்னா அருணகிரி மொதலாளிகிட்டயே திரும்பிப் போயிருங்க. அவரு இன்னும் எடம் வெச்சிருக்கறாராமா.”

மறுபடியும் அந்த மேசை. மறுபடியும் ‘பாய் இல்லையா?’ இப்போது பாய் சொந்தக் கடை வைத்து முன்னேறிவிட்டான், நான் மட்டும் திரும்பி வந்துவிட்டேன் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் ஊர் வேலுமணி அண்ணனுக்கு ஒன்பது லாரிகள். ஆயுத பூசைக்குள் ஒன்பது கேபினையும் புதுசாக்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிலைத்துவிடும். அவர் எப்படியும் போனில் தேடுவார். தேடினால் முதலில் அஸார் வருவான், இரண்டாவதாக நான். அஸாரைப் படுக்க வைத்துவிட்டால் முதலில் நான்.

நேராகப் போய் அவரிடமே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆன்லைன் வியாபாரம் என்றால் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். நான் இன்னும் நாமக்கல்லுக்குப் போய்வருவதாகவே ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் இயந்திரம் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். தொட்ட உடனே வெளியே வந்தாலும் சந்தேகப்படும். ஆக, வேறு வேறு போன் வேண்டும். ஒவ்வொரு போனிலும் ஆள் உள்ளே போய் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அத்தனை போன்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் எங்கள் ஊர். பொன்னன் டீக்கடையில் லோடு ஏற்றக் காத்திருக்கும் டிரைவர்கள் தினமும் புதுசு புதுசாக வருவார்கள்.

“அண்ணா, ஒரு ஒதவிங்க. லாரி சீட் கவர்னு போட்டு, மொதல்ல வர்றத அமுக்குங்க. நம்ம கூட வேல பாத்த பையன். உள்ள போயி அந்த வீடியோவ முழுசாப் பாத்துருங்க.”

இதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? இவன் காசைத் தீர்க்க வேண்டும் என்றா சொல்ல முடியும்?

பொன்னன் டீயை ஆற்றிக்கொண்டே சிரிப்பார். “என்றா தனபாலு, கூடப் பொறந்தவனுக்குக்கூட ஒருத்தன் இப்படி அலைய மாட்டான். அந்தப் பையன் குடுத்து வெச்சவன்டா.”

“பழக்கம்ங்ணா,” என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் வாரம் கச்சிதமாக வேலை செய்தது. முப்பத்தைந்து ஆனதும் தேடிப் பார்ப்பேன். அஸாரைக் காணோம், நான் முதலில் இருப்பேன். அந்த நிமிடம் டீ தித்திக்கும். இரண்டாவது வாரம் முப்பத்தைந்து ஆன பிறகும் அவன் மேலேயே உட்கார்ந்திருந்தான். வரம்பைக் கூட்டிவிட்டான் போல என்று நினைத்தேன். பணம் புரள்கிறது என்று வயிறு எரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணிக்கையை மட்டும் விடாமல் தொடர்ந்தேன்.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை. முப்பத்து நான்கு ஆகியிருந்தது. கடையில் இருந்த போன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அப்போது புல்லட்டை நிறுத்திவிட்டு வேலுமணி அண்ணன் இறங்கி வந்தார்.

“ஏப்பா, அத்தன பேரும் போனக் கையில வெச்சுக்கிட்டு அப்படி என்னத்தப் பாக்கறீங்க?”

“தனபாலு ஒரு சீட் கவர் காட்றானுங்க,” என்றார் பொன்னன். “நெம்ப நல்லா இருக்குதாமா.”

“அப்படியா? எனக்கும் அதுதான் வேணும். இந்தா சாமி, என்ற போனுலயும் காட்டு.”

போன் என் கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்து, ‘அண்ணா, நானே தைக்கிறேனுங்க’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். இரண்டு வாரமாக அஸாருக்காக அலைகிறவன் நான். திடீரென்று என் பெயரைச் சொன்னால், இத்தனை நாள் எதற்கு அவனைக் காட்டினாய் என்று யாராவது கேட்பார்கள். அதுகூடப் பெரிய காரணம் இல்லை. உண்மையைச் சொல்வதென்றால், ஒன்றுதான் குறைந்தது. முப்பத்து நான்கு என்ற எண் தலைக்குள் நின்று குடைந்துகொண்டிருந்தது. என் விரல் தானாகப் போய் முதல் விளம்பரத்தைத் தொட்டது.

அஸார் சீட்டை ஓங்கி அடித்தான். தூசி பறந்தது. வேலுமணி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

நாலு நாள் கழித்து அஸாரே என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். கையில் அல்வாப் பொட்டலம். உள்ளே வந்தவன் உட்காரவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“தனபாலு, நீ என் மேல பொறாமையில இருப்பேன்னு நான் நெனச்சுட்டேன்டா. என்னை மன்னிச்சிரு.”

சமையலறை வாசலில் சத்யபிரியா வந்து நின்றாள்.

அவன் போனை எடுத்து அறிக்கையைக் காட்டினான். எந்த ஊரிலிருந்து எத்தனை கிளிக் என்று வரிசையாக இருந்தது. சேலம் ஆறு. ஈரோடு நாலு. சங்ககிரி நானூறுக்கு மேல்.

“மொத வாரம் பாத்துட்டு பயந்துட்டேன். ஒரே ஊரு, அதுவும் விடிகாலையில. எவனோ வேணும்னே பண்றான்னு நெனச்சேன். ஆனா ஒவ்வொருத்தரும் உள்ள ஒரு நிமிஷம் இருக்காங்க, வீடியோவ முழுசா பாக்கறாங்க. சரி, சங்ககிரியில நமக்கு கிராக்கி இருக்குன்னு மத்த ஊரையெல்லாம் நிறுத்திட்டு மொத்தக் காசையும் இங்கயே போட்டேன். இன்னொண்ணு பாரு, ஒரு கிளிக்கு நாலு ரூபாயா இருந்தது இப்ப ரெண்டுக்குக் கீழ வந்திருச்சு. ஏன்னே புரியல.”

எனக்குப் புரிந்தது. ஏலத்தில் நான் படிக்காமல் விட்ட பாதி அதுதான். அந்த ஏலத்தில் அதிகம் கேட்டவன் மட்டும் ஜெயிப்பதில்லை. பார்க்கிறவர்கள் எந்த விளம்பரத்தை அதிகம் தொடுகிறார்களோ, உள்ளே போய் நிற்கிறார்களோ, அதுதான் மக்களுக்குப் பிடித்தது என்று இயந்திரம் முடிவு செய்கிறது. பிடித்ததை மேலே ஏற்றி, விலையையும் குறைத்துக் கொடுக்கிறது. நான் அழுத்த அழுத்த அவனுக்கு மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அவன் வரம்பைக் கூட்டவே இல்லை. அதே நூற்றைம்பது ரூபாய் இரண்டு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது.

“முந்தாநாள் வேலுமணி அண்ணன் கூப்பிட்டாரு,” என்றான் அஸார். “ஒம்பது கேபின். எப்படிண்ணே என்னைத் தெரியும்னு கேட்டேன். ‘எங்கூர்த் தனபாலுதான் டீக்கடையில நின்னுக்கிட்டு தெனமும் உன்னையக் காட்டறானே’ன்னாரு.”

“நல்லவருங்க எங்கூட்டுக்காரரு,” என்றாள் சத்யபிரியா. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒங்க வீடியோவ அவரு பாக்காத நாளே இல்லீங்க.”

“வண்டியில மாட்டறதுக்கு ஆள் வேணும் தனபாலு. எனக்குத் தெரிஞ்ச ஒரே கை உன் கைதான். நீ செய்வியா?”

அல்வாப் பொட்டலம் மேசையில் நெய் விட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவன் மன்னித்துவிடுவான் என்று தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

“செய்யறேன்,” என்றேன்.

வேலுமணி அண்ணனின் களத்தில் ஒன்பது லாரியிலும் ஏறி இறங்கினேன். ஆறாவது வண்டியின் டிரைவர் சீட்டில் பைப்பிங் என்கிற விளிம்புப் பட்டையின் ஓரமாக ஒரு தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். வேலுமணி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். திரும்ப ஏறினேன். கோணல் தையலை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. பிரித்து, வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு முழ நீளத்துக்கு நேராகத் தைத்துக்கொண்டு வந்து மாட்டினேன்.

அப்போதுதான் வேலுமணி அண்ணன் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா, நீயும் தனியாத் தைக்கறயாமா? பொன்னன் இப்பத்தான் சொல்றான்.”

“ஆமாங்க.”

“அட, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லீருக்கலாமல்லோ! உள்ளூர்ப் பையன் இருக்கறப்ப நான் எதுக்கு சேலம் போறேன்? நீயே அவனக் காட்டுனயா, உன்னையவிடப் பெரிய கையா இருப்பான்னு நெனச்சுப்புட்டேன்.”

ஆயுத பூசை முடிந்த திங்கட்கிழமை நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மடியில் டிபன் பாக்ஸ். அருணகிரி முதலாளி ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். போனைத் திறந்ததும், நான் தேடாமலே, அஸாரின் புது வீடியோ வந்து நின்றது. நான் எதை விரும்பிப் பார்ப்பேன் என்று இயந்திரம் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. வேலுமணி அண்ணனின் ஆறாவது லாரி. கேமரா டிரைவர் சீட்டுக்கு நெருங்கிப் போய் அந்த பைப்பிங் ஓரத்தில் நின்றது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘தையல் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்குது பாய். சூப்பர்.’ அதற்கு எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அது என் தையல்.

கீழே நான் ஏதாவது எழுதினால், அதையும் இயந்திரம் எண்ணிக்கொள்ளும். இந்த வீடியோவுக்கு ஆள் கூடுகிறது என்று இன்னும் நூறு பேருக்கு எடுத்துப்போய்க் காட்டும். எழுதாவிட்டால் அது அஸாரின் தையலாகவே இருந்துவிடும். திருச்செங்கோடு தாண்டும் வரை யோசித்தேன். பிறகு எழுதினேன்: ‘இந்தத் தையல் சங்ககிரி தனபால் போட்டது.’

அனுப்பிவிட்டு நிமிரக்கூட இல்லை, ஓர் இதயம் விழுந்தது. யார் என்று தொட்டுப் பார்த்தேன்.

அஸார். அதிலும் அவன்தான் முதல் ஆள்.