இரண்டு சுவர் நிற்க வேண்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான், கடலிலிருந்து நூற்றெண்பது மீட்டரில் இருக்கும் ஒரு பழைய வீட்டைப் பழுது பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் கல்யாணத்தை அந்தப் பழமொழியில் சேர்த்தே இருக்க மாட்டார்.

எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதம் பதினோரு பக்கம். எனக்கு மனப்பாடமானது ஒரே ஒரு பத்தி. அலை ஏறும் கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் புது வீடு கூடாது. ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சுவர் நான்கில் குறைந்தது இரண்டு பழையபடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது புது வீடு. புது வீடு என்றால் இடித்துவிடுவார்கள்.

புயலில் கூரை போய், கடலைப் பார்த்த கிழக்குச் சுவரும் அதை ஒட்டிய வடக்குச் சுவரும் பிளந்துவிட்டன. மிச்சம் தெற்கும் மேற்கும். என் மாமனார் கட்டிய வீடு. இதை விட்டால் எனக்கும் கணவருக்கும் எங்கள் மகளுக்கும் போக்கிடம் இல்லை.

வேலையை என் அண்ணனிடம் கொடுத்தோம். கொத்தனார். தெருவில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காமல் அவன் அடுத்த செங்கல்லைத் தொட மாட்டான். அவனை உட்கார வைத்து அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டினான்.

ஒரு வியாழக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கில் என் வேலையை முடித்துவிட்டு வந்தேன். வாசலில் நின்றபடியே பக்கத்து வீட்டுத் தென்னை மரம் எங்கள் அறைக்குள் தெரிந்தது. தெற்குச் சுவரைக் காணோம். அண்ணன் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"தட்டிப் பாத்தேன். உள்ள வெறும் மாவு. உப்பு தின்னுருச்சு."

"கடிதத்தைப் படிச்சுக் காட்டினேனே, அண்ணா?"

"நீ படிச்ச. சுவர் படிக்கலையே."

பழைய சுவர் இரண்டும் நிற்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் வர இன்னும் பன்னிரண்டு நாள்தான். நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஓடி வந்து, "மெதுவா பேசு, தெருவுக்கே கேக்குது," என்றார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்களுக்குச் சுவரே இல்லை, காதுக்கு எங்கே போவது?

தார்ப்பாயைக் கட்டி மறைத்துவிட்டு, இடித்த செங்கல்லில் நல்லதாகப் பொறுக்கி, அதே இடத்தில் அதே சுவரைக் கட்டுவது என்று முடிவானது. தப்புதான். தெரிந்தேதான் செய்தோம்.

பழைய சுவர் வெளிப்பக்கமாக இரண்டு விரல் சாய்ந்திருந்தது. விண்ணப்பத்தோடு நாங்களே கொடுத்த போட்டோவில் அது நன்றாகத் தெரிந்தது. அண்ணன் கட்டினான். நூல் பிடித்தாற்போல நேராக வந்தது. பிரித்தான். மறுபடி கட்டினான். மறுபடியும் நேர். "கை கேக்க மாட்டேங்குது," என்றான். மூன்றாம் தடவை ரசமட்டத்தைப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டான். சுவர் கோணியது. அவன் அன்று சாப்பிடவில்லை.

பூச்சு காய்ந்ததும் அது பழசாகத் தெரிய டீத்தண்ணீரும் அடுப்புக்கரியும் கலந்து நான் துணியால் ஒற்றினேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே கை நின்றுவிடும். கிளினிக்கில் கருவித் தட்டைக் கீழே போட்டேன். "பல்லு பிடுங்கப் போறது உனக்கா, அவருக்கா?" என்று டாக்டர் கேட்டார். நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வாளர் சொன்ன நாளில் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் ஃபைல். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். நேராகத் தெற்குச் சுவருக்குப் போய் போட்டோவை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சாய்வை அளக்க, நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்.

"ரெண்டு விரல். சரியா இருக்கு."

பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்து அப்படியே நின்றார். ஈரம் தெரிந்துவிடுமோ என்று எனக்கு மூச்சே போகவில்லை.

"கடலோரத்துல இவ்வளவு கெட்டியா ஒரு சுவரை நான் பாத்ததில்லம்மா."

"மாமனார் நல்லா கட்டினாரு, சார்," என்றேன். பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது. அண்ணன் இருமினான்.

அடுத்து மேற்குச் சுவர். அதில் எங்கள் கை படவே இல்லை. நான் அப்போதுதான் நன்றாக மூச்சு விட்டேன். அவர் குண்டைத் தொங்கவிட்டு, புருவத்தைச் சுருக்கி, விரல் முட்டியால் தட்டினார். சொத்தைப் பல்லைத் தட்டினால் வரும் அதே சத்தம். பூச்சு பெயர்ந்து அவர் செருப்பின் மேல் மாவாகக் கொட்டியது. இரண்டடி பின்னால் போனார்.

"இந்தப் பக்கம் யாரு படுக்கறது?"

"நாங்க ரெண்டு பேரும், சார்."

"கட்டிலை நகத்திப் போட்டுக்குங்க."

"இதை இடிச்சுக் கட்டிக்கலாமா, சார்?"

"எப்படிம்மா? தெக்கும் மேக்கும் பழைய சுவர்னு எழுதியாச்சு. ஒண்ணு விழுந்தாலும் கணக்குல ஒண்ணுதான் மிச்சம். அப்புறம் இது புது வீடு. என் கையில ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வீடு எங்களுக்குத்தான் என்று அதில் இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதை நீ தட்டிப் பாக்கவே இல்லையா?"

"அன்னைக்கே பாத்தேன். ரெண்டும் போச்சு. இது அதைவிட மோசம்."

"அப்ப ஏன் தெக்க இடிச்ச?"

"ரெண்டையும் இடிச்சா வீடு போயிரும். ஒண்ணுன்னா எப்படியாவது மறைச்சுக்கலாம்னு நெனச்சேன்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "பாப்பா தெக்குப் பக்கம்ல படுக்குறா."

நான் அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். "கட்டிலோட அந்த முனையைப் பிடி," என்றேன்.

இப்போது மகளின் கட்டிலோடு எங்கள் கட்டிலையும் ஒட்டிப் போட்டு, மூன்று பேரும் பொய்ச் சுவரோரம் நெருக்கிப் படுக்கிறோம். அது மலை மாதிரி நிற்கிறது. கதவை மெதுவாகச் சாத்து, ஓடாதே, குதிக்காதே என்று நாள் முழுக்க மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெய்ச் சுவரடியில் காலையில் ஒரு பிடி மாவு உதிர்ந்து கிடக்கும். பெருக்கி அள்ளும்போது நேற்றைவிட அதிகமா என்று பார்ப்பேன்.

இன்று அதிகம்.