காம்புகிள்ளியின் கண்

பாகான் டாலாமில் கார்த்திகேசுவின் மசாலா மில்லில் புஷ்பவள்ளியின் பதவிக்குப் பெயர் காம்புகிள்ளி. அந்தப் பெயரை யாரும் அவளுக்குச் சூட்டவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன், காப்புறுதிப் படிவம் எழுத வந்தவர் என்ன வேலை என்று கேட்டார். காய்ந்த மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், நிமிராமல் அப்படிச் சொல்லிவைத்தாள். அவரும் எழுதிக்கொண்டார். அகராதியில் இருக்கிறதோ இல்லையோ, அவள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் இருந்தது.

போன வாரம் ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. மணிக்கு இருநூறு கிலோ மிளகாய்க்குக் காம்பு எடுக்குமாம். முதலாளியின் மகள் ஷர்மினி அதன் முகப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்: காம்புகிள்ளி.

"அது என் வேலையோட பேரும்மா."

"தேங்காய் துருவி, பாக்குவெட்டி எல்லாம் சாமான் பேருதானே அக்கா? இதுக்கும் நல்லா பொருந்துதுலா."

பொருந்தத்தான் செய்தது. மாசக் கடைசியோடு நின்றுகொள் என்று முதலாளி சொன்னதே போதாதா, பேரையும் பிடுங்க வேண்டுமா? புஷ்பவள்ளிக்கு வயிறு எரிந்தது. போகும்போதும் வரும்போதும் இயந்திரத்தை முறைத்தாள். நாசமாய்ப் போ என்று மனதாரச் சபித்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். மில்லுக்குப் புது லாரி வந்தாலும் புது மோட்டார் வந்தாலும் திருஷ்டி கழிப்பது அவள்தான். "புஷ்பா, சுத்திப் போட்டுடு," என்றார் கார்த்திகேசு. அவருக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. நல்ல மனுஷர், யோசிக்கத்தான் மாட்டார்.

உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தரம் சுற்றினாள். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, என் கண்ணு..." முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் கரியடுப்பு கனன்றது. அதில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது; படவில்லை என்றால் இருமல் பிய்த்து எடுத்துவிடும். ஒரு வாரம் முழுக்க வைத்த கண். நெடி வராது, குட்டு வெளிப்படும். வெளிப்படட்டும் என்று விறைப்பாக நின்றாள்.

முதலில் ஷர்மினி இருமினாள். பிறகு கார்த்திகேசு. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"ஒரு கண்ணும் படலே!" கார்த்திகேசு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சுவிட்சப் போடும்மா!"

புஷ்பவள்ளியும் இருமினாள். வேலை போவதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். இவ்வளவு வயிறெரிந்து பார்த்த பார்வை ஒரு தகரத்தைக்கூட ஒன்றும் செய்யவில்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இருங்க மொதலாளி," என்றாள். "இன்னொரு தரம் சுத்துறேன்."